அமெரிக்காவில் எம்.எஸ்.: முதல் கிரெடிட் கார்டு எதை எடுப்பது?

புளியோதரை_பொட்டலம்

எல்லோருக்கும் வணக்கம். ஊர் திருச்சி, வயது 22. வரும் ஆகஸ்டில் டாலஸ் பக்கம் எம்.எஸ். சேரப் போகிறேன். விசா முடிந்தது, டிக்கெட் போட்டாயிற்று. சீனியர்கள் வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்த நாளிலிருந்து ஒரே கிரெடிட் கார்டு பேச்சுதான். ஒருவர் டிஸ்கவர் என்கிறார், இன்னொருவர் கேப்பிட்டல் ஒன் என்கிறார். ஆளாளுக்கு ஒரு லிங்க் அனுப்பி "என் லிங்க்ல போடு தம்பி" என்கிறார்கள்.

வீட்டு வாடகை மூன்று பேர் பகிர்ந்துகொள்வதால் அது தனி, கார்டில் கட்ட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அதைக் கழித்துவிட்டு மாதம் சுமார் 450 டாலர் செலவு ஆகும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். மளிகை 200, வெளியே சாப்பாடு 80, மீதி 170 போன், பஸ், துணிமணி, இதர வகை.

ரிவார்ட்ஸ் அதிகம் தரும் ஸ்டூடண்ட் கார்டு எது? இந்தியாவில் எனக்கு எந்தக் கார்டும் இருந்ததில்லை. அமெரிக்க அரசு தரும் சோஷியல் செக்யூரிட்டி எண் (எஸ்எஸ்என்) இன்னும் கிடையாது.

---

ஆஸ்டின்_அக்கா

வாழ்த்துகள் தம்பி. நீங்கள் கடைசி வரியில் போட்டதுதான் முதலில் பேச வேண்டிய விஷயம். எஸ்எஸ்என் இல்லாமல் ஸ்டூடண்ட் கார்டுகளில் பாதிக்கு விண்ணப்பமே போட முடியாது. எஃப்-1 மாணவர் விசாவில் வந்த உடனே அந்த எண்ணைத் தர மாட்டார்கள். வளாகத்துக்குள் ஒரு வேலை கிடைக்க வேண்டும். நூலகம், சாப்பாட்டுக் கூடம், டிஏ (பாடம் நடத்த உதவுவது), ஆர்ஏ (ஆராய்ச்சிக்கு உதவுவது) எதுவாக இருந்தாலும் சரி. வேலை தந்த துறையின் கடிதம், இன்டர்நேஷனல் ஆபீஸ் தரும் கடிதம், பாஸ்போர்ட், பல்கலைக்கழகம் தந்த ஐ-20 படிவம், நாட்டுக்குள் நுழைந்ததைக் காட்டும் ஐ-94 எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்குப் போக வேண்டும். நாட்டுக்குள் வந்து பத்து நாளாவது கழித்துப் போங்கள். அதற்கு முன்னால் போனால் உங்கள் வருகை விவரம் அவர்கள் கணினியில் ஏறியிருக்காது, திருப்பி அனுப்பிவிடுவார்கள். வேலை தொடங்கும் தேதிக்கு 30 நாளுக்கு மேல் இருந்தாலும் வாங்க மாட்டார்கள்.

அதுவரை என்ன செய்வது? வந்ததும் ஒரு வங்கியில் அன்றாடச் செலவுக்கான செக்கிங் கணக்கும் டெபிட் கார்டும் வாங்கிவிடுங்கள். பாஸ்போர்ட்டும் ஐ-20யும் வைத்தே கணக்குத் திறக்கலாம். சில பெரிய வங்கிகளில் நேரே கிளைக்குப் போய்க் கேட்டால் எஸ்எஸ்என் இல்லாமலும் ஒரு ஸ்டூடண்ட் கார்டுக்கு விண்ணப்பம் வாங்கிக்கொள்கிறார்கள். அது கிளையைப் பொறுத்தது, உள்ளே உட்கார்ந்திருக்கும் ஆளையும் பொறுத்தது. கேட்பதில் நஷ்டம் இல்லை.

---

கேஷ்பேக்_கில்லாடி

இதில் யோசிக்க என்ன இருக்கிறது மச்சி? டிஸ்கவர் இட் ஸ்டூடண்ட். கண்ணை மூடிக்கொண்டு எடு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாறும் வகைகளில் 5 சதவீதம், மற்றதில் 1 சதவீதம். முதல் வருஷம் முடிந்ததும் அதுவரை சேர்ந்த கேஷ்பேக் அத்தனையையும் அப்படியே இரட்டிப்பாக்கித் தருவார்கள். அதாவது 5 என்பது 10. இந்த உலகத்தில் யார் தருவார் 10 சதவீதம்? வருடக் கட்டணம் கிடையாது. வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணமும் கிடையாது.

என் லிங்க் வேண்டுமென்றால் தனிச்செய்தியில் கேள். உனக்கும் காசு, எனக்கும் காசு.

---

கணக்குப்பிள்ளை

//இந்த உலகத்தில் யார் தருவார் 10 சதவீதம்?//

புளியோதரை தம்பி தன் செலவை எழுதியே கொடுத்திருக்கிறார். அதை வைத்தே போட்டுப் பார்த்துவிடலாமே.

வருடச் செலவு 5,400 டாலர். டிஸ்கவரின் 5 சதவீத வகை வருடம் முழுக்க மளிகையாக இருக்காது. நான்கு காலாண்டில் ஒன்றில் மளிகை வரும் என்று வைத்துக்கொள்வோம். அந்த மூன்று மாதத்தில் 600 டாலர் மளிகைக்கு 30 டாலர். மீதி 4,800க்கு 1 சதவீதம், 48 டாலர். மொத்தம் 78. முதல் வருடம் இரட்டிப்பானால் 156. இரண்டாம் வருடம் திரும்ப 78.

கேப்பிட்டல் ஒன் சேவர் ஸ்டூடண்ட் வருடம் முழுக்க மளிகைக்கும் உணவகத்துக்கும் 3 சதவீதம், மற்றதற்கு 1 சதவீதம் தருகிறது. மாதம் 280க்கு 8.40, 170க்கு 1.70. வருடத்துக்கு 121 டாலர். இரண்டாம் வருடமும் அதே 121.

எல்லாவற்றுக்கும் 1.5 சதவீதம் என்று போகும் குவிக்சில்வர் ஸ்டூடண்டில் 81 டாலர்.

பேங்க் ஆஃப் அமெரிக்காவின் மாணவர் கார்டில் நாமே ஒரு வகையைத் தேர்ந்து 3 சதவீதம் வாங்கலாம், மளிகைக்கு 2. உணவகத்தைத் தேர்ந்தால் இவருடைய செலவுக்கு 97 வருகிறது. புதிதாகச் சேருபவர்களுக்கு முதல் வருடச் சலுகை ஏதாவது இருந்தால் அது தனி.

ஆக மிக நல்ல கார்டுக்கும் மிகச் சாதாரணக் கார்டுக்கும் இடையே இரண்டு வருட எம்.எஸ். முழுக்கப் பார்த்தாலும் நூறு டாலர்கூட வித்தியாசம் இல்லை. வாட்ஸ்அப் குழுவில் இதற்கா இத்தனை சண்டை?

---

கேஷ்பேக்_கில்லாடி

அண்ணா, ஒரு காலாண்டில் உணவகமும் வகையாக வரும், அதை விட்டுவிட்டீர்கள். அமேசான், வால்மார்ட் மாதிரி கடைகளும் அவ்வப்போது வந்திருக்கின்றன.

---

கணக்குப்பிள்ளை

சரி, உணவகத்தையும் சேர்த்துக்கொள்வோம். மூன்று மாதத்துக்கு 240 டாலர், அதில் கூடுதலாக 4 சதவீதம், 9.60. முதல் வருடம் 175 என்று ஆகும், இரண்டாம் வருடம் 88. இரண்டு வருடத்துக்கு 263. சேவரில் 242. உங்கள் பக்கம் 21 டாலர் முன்னிலை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வொரு காலாண்டும் மறக்காமல் உள்ளே போய் அந்த வகையை ஆக்டிவேட் செய்ய வேண்டும். மிட்-டெர்ம் நேரத்தில் எத்தனை பேர் ஞாபகம் வைத்துச் செய்கிறார்கள்?

---

கோவை_அப்பா

நான் மாணவன் இல்லை. என் மகளும் இந்த ஆண்டு போகிறாள், அதனால் படித்துக்கொண்டிருக்கிறேன். எனக்குப் புரியாத ஒன்று. கையில் பணம் இருக்கிறது, டெபிட் கார்டு இருக்கிறது. அப்புறம் எதற்குக் கடன் அட்டை? வட்டிக்கு மேல் வட்டி போட்டுக் குடும்பங்கள் தவித்ததை நேரில் பார்த்தவன் நான். படிக்கப் போகிற பிள்ளைக்குக் கடன் வாங்கப் பழக்க வேண்டுமா?

---

ஆஸ்டின்_அக்கா

நீங்கள் கேட்பது நியாயம்தான் சார். என் அப்பாவும் இதையே கேட்டார். ஆனால் அமெரிக்காவில் டெபிட் கார்டை எங்கும் நீட்டுவதில் வேறொரு ஆபத்து இருக்கிறது.

கார்டு விவரம் திருடு போனால், கிரெடிட் கார்டில் சட்டப்படி உங்கள் மகளின் பொறுப்பு அதிகபட்சம் 50 டாலர். நடைமுறையில் வங்கிகள் அதையும் கேட்பதில்லை. டெபிட் கார்டில் அப்படி இல்லை. தொலைந்தது தெரிந்து இரண்டு வேலை நாளுக்குள் சொன்னால் 50 டாலர். அதைத் தாண்டினால் 500 வரை போகலாம். ஸ்டேட்மென்ட் வந்து 60 நாள் ஆகியும் சொல்லவில்லை என்றால் அதற்குப் பிறகு போகும் பணம் முழுக்க நம் தலையில் விழலாம். அதோடு டெபிட்டில் போவது நம் கணக்கில் இருக்கும் வாடகைப் பணம். விசாரணை முடிந்து திரும்பி வரும்வரை வீட்டுக்காரர் காத்திருப்பாரா?

இரண்டாவது, அங்கே கடன் வரலாறு இல்லாதவர் ஆளே இல்லாத மாதிரி. வீடு வாடகைக்கு எடுக்கப் பார்ப்பார்கள், கார் கடனுக்குப் பார்ப்பார்கள், டெக்சஸில் கார் இன்சூரன்ஸ் பிரீமியத்துக்குக்கூட அதைப் பார்ப்பார்கள். டெபிட் கார்டை எத்தனை வருஷம் தேய்த்தாலும் அந்த வரலாறு உருவாகாது.

வட்டி பற்றி நீங்கள் சொன்னது நூறு சதவீதம் சரி. அதை மகளிடம் அழுத்திச் சொல்லி அனுப்புங்கள்.

---

கணக்குப்பிள்ளை

வட்டி விஷயத்தில் கோவை அப்பா பக்கம்தான் நானும். மாணவர் கார்டுகளில் வட்டி 20 சதவீதத்துக்கு மேல் என்பது சாதாரணம். 25 என்று வைத்து, 400 டாலரைக் கட்டாமல் விட்டால் மாதம் 8 டாலருக்கு மேல் வட்டி. தம்பியின் ரிவார்ட்ஸ் மொத்தமும் மாதம் 10 டாலர்தான். கிட்டத்தட்ட இரண்டும் சரிக்குச் சரி.

அதைவிட மோசம், ஒரு மாதம் பாக்கி வைத்துவிட்டால் அடுத்த மாதம் வாங்கும் பால் பாக்கெட்டுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓட ஆரம்பிக்கும். முழுத் தொகையும் கட்டுகிறவருக்குத்தான் அந்த வட்டியில்லா அவகாசம். "மினிமம் டியூ" என்று 25, 35 டாலர் காட்டுவார்கள். அதைக் கட்டினால் அபராதம் வராது, அவ்வளவுதான். வட்டி வரும்.

---

கோவை_அப்பா

விளக்கத்துக்கு நன்றி அம்மா, நன்றி தம்பி. டெபிட் கார்டு விஷயம் எனக்குத் தெரியாது. மகளிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுகிறேன். வட்டிக் கணக்கையும் சேர்த்துத்தான்.

---

முதலாண்டு_இளங்கலை

எனக்கு வயது 19, பி.எஸ். படிக்கிறேன். வளாக வேலை இருக்கிறது, எஸ்எஸ்என்னும் இருக்கிறது. விண்ணப்பத்தில் வருமானம் கேட்கிறார்கள். அப்பா மாதாமாதம் அனுப்பும் பணத்தைப் போடலாமா? என் ரூம்மேட் போட்டதாகச் சொல்கிறான், அவனுக்கு வயது 23.

---

ஆஸ்டின்_அக்கா

அவனுக்குப் பொருந்துவது உனக்குப் பொருந்தாது. 2009இல் வந்த கார்டு சட்டம் 21 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குத் தனிக் கட்டுப்பாடு வைத்தது. சொந்தமாகக் கட்டும் வசதி இருக்கிறது என்று காட்ட வேண்டும், இல்லையென்றால் 21 தாண்டிய ஒருவர் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். அப்படிக் கூட்டுக் கையெழுத்தை ஏற்கும் வங்கிகள் இப்போது குறைவு. 21 ஆனவர்களுக்கு, தன் கைக்கு நியாயமாகக் கிடைக்கும் என்று எதிர்பார்க்கும் வீட்டு வருமானத்தையும் காட்டலாம் என்று 2013இல் விதியைத் தளர்த்தினார்கள்.

நீ உன் வளாக வேலைச் சம்பளத்தைப் போடு. வாரம் 20 மணி நேரச் சம்பளம் மாணவர் கார்டுக்குப் போதும். கூட்டிப் போடாதே.

அதே சட்டம் இன்னொன்றும் செய்தது. முன்பெல்லாம் கல்லூரி வாசலில் மேசை போட்டு, விண்ணப்பம் நிரப்பினால் டி-ஷர்ட்டும் பீட்ஸாவும் கொடுப்பார்கள் என்று என் பேராசிரியர் ஒருவர் சொல்லுவார். வளாகத்தில் பொருள் கொடுத்து மாணவர்களைக் கார்டுக்கு இழுப்பது இப்போது கூடாது. அந்த மேசைதான் இப்போது வாட்ஸ்அப்புக்கு வந்துவிட்டதோ என்னவோ.

---

கேஷ்பேக்_கில்லாடி

அக்கா, அது எனக்கு விழுந்த குத்துதானே 😂

---

நெறியாளர்

குத்தோ இல்லையோ, ரெஃபரல் லிங்க் கேட்பதும் கொடுப்பதும் இங்கே வேண்டாம். தனிச்செய்தியிலும் அழைக்க வேண்டாம். கார்டைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள்.

---

பிளேனோ_பாட்டி_வீடு

நெறியாளர் சொன்னதையொட்டி ஒரு வார்த்தை. சீனியர்கள் கெட்டவர்கள் இல்லை, ஆனால் லிங்க் மூலம் ஒரு ஆள் சேர்ந்தால் அவர்களுக்கு 50, 100 டாலர் வரலாம். கணக்குப்பிள்ளை போட்ட கணக்கைப் பாருங்கள். நீங்கள் ஒரு வருடம் முழுக்க மளிகை வாங்கிச் சேர்க்கிற தொகையை அவர் ஒரே மெசேஜில் எடுத்துவிடுகிறார். எந்தக் கார்டில் பரிந்துரைத் தொகை அதிகமோ அதைப் பற்றித்தான் குழுவில் பேச்சும் அதிகம் இருக்கும். லிங்க்கில் போடுவதால் உங்களுக்கும் ஏதாவது கிடைக்கிறதென்றால் தாராளமாகப் போடுங்கள். ஆனால் கார்டை நீங்கள் முடிவு செய்துவிட்டு, அதன் பிறகு லிங்க் தேடுங்கள்.

அப்புறம் பரிந்துரைப் பணம் வேறு, கேஷ்பேக் வேறு. பொருள் வாங்கியதற்குத் திரும்ப வரும் கேஷ்பேக்கை விலைத் தள்ளுபடியாகத்தான் வரித்துறை பார்க்கிறது, அதற்கு வரி இல்லை. ஆளைச் சேர்த்ததற்கு வரும் தொகையை வங்கி வருமானமாகக் காட்டி 1099 படிவம் அனுப்பலாம்.

இனி நான் எழுத வந்த விஷயம். 3 சதவீதம் மளிகை என்றால் எல்லா மளிகைக்கும் இல்லை. கடையில் என்ன வாங்குகிறோம் என்பது கார்டு நிறுவனத்துக்குத் தெரியாது. அந்தக் கடைக்கு என்ன வணிக வகை எண் கொடுத்திருக்கிறார்கள் என்பதுதான் தெரியும். மளிகைக் கடைக்கு 5411. ஹெச்-இ-பி, க்ரோகர் எல்லாம் இதில் வரும். நான் போகும் இந்தியக் கடை பட்டேல் பிரதர்ஸும் எனக்கு மளிகை என்றே விழுகிறது. வால்மார்ட் அப்படி இல்லை. அங்கே வெங்காயமும் பொன்னி அரிசியும் மட்டுமே வாங்கினாலும் சேவரில் 1 சதவீதம்தான். டார்கெட்டும் அதே கதை. கார்டின் விதிமுறையிலேயே அந்த இரண்டு பெயரையும் எழுதி விலக்கியிருக்கிறார்கள்.

காஸ்ட்கோ இன்னும் வேறு. கடைக்குள் கிரெடிட் கார்டு என்றால் விசா மட்டும்தான். டிஸ்கவரை நீட்டினால் கல்லாப்பெண் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் சிரிக்க மாட்டார்கள். வண்டி நிறையப் பால், எண்ணெய், கழிவறைக் காகிதம் என்று அடுக்கிவைத்துக்கொண்டு டெபிட் கார்டைத் தேட வேண்டும்.

இந்தியக் கடைகளுக்குள் இருக்கும் சாட் கவுண்டர் சிலசமயம் தனி மெஷின் வைத்திருக்கும். அது உணவகம் என்று விழும். இரண்டுக்கும் 3 என்பதால் சேவரில் கவலை இல்லை. வளாகத்துச் சாப்பாட்டுக் கூடம்தான் புதிர். சில இடத்தில் உணவகம், சில இடத்தில் பல்கலைக்கழகம். ஒரு காபி வாங்கி, இரண்டு நாள் கழித்து ஆப்பில் எந்த வகையில் விழுந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

---

கணக்குப்பிள்ளை

நல்ல தகவல். அப்படியானால் என் கணக்கைத் திருத்த வேண்டும். தம்பி பாதி மளிகையை வால்மார்ட்டில் வாங்கினால் சேவரில் வருடத்துக்கு 24 டாலர் குறைந்து 97க்கு வந்துவிடுகிறது. கார் இல்லாத முதல் வருடம் பஸ் எங்கே போகிறதோ அதுதான் நம் மளிகைக் கடை. வீட்டுக்குப் பக்கத்தில் எது இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கார்டு தேடுவது உத்தமம்.

---

டொரன்டோ_தோசை

கனடாவில் இவ்வளவு சிரமம் இல்லை. பெரிய வங்கிகள் புதிதாக வருபவர்களுக்கான திட்டத்தில், கடன் வரலாறே இல்லாமல் முதல் நாளே கார்டு தருகிறார்கள். அங்கே ஏன் போகிறீர்கள், இங்கே வாருங்கள்.

---

நெறியாளர்

கனடாவுக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே எழுதுங்கள் தோசை.

---

வேளச்சேரி_ஐடி

நான் சென்னையில் மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டுப் போகிறேன். இங்கே கிரெடிட் கார்டு இருக்கிறது, சிபில் (இந்தியக் கடன் மதிப்பெண்) நன்றாக இருக்கிறது. இது அங்கே செல்லுமா? இல்லையென்றால் இந்தக் கார்டையே அங்கே தேய்க்கலாமா?

---

ஆஸ்டின்_அக்கா

சிபில் மதிப்பெண் தானாக உங்களோடு அமெரிக்காவுக்கு வராது. ஆனால் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், நோவா கிரெடிட் என்ற நிறுவனம் வழியாக இந்தியக் கடன் வரலாற்றைப் பார்த்து அமெரிக்கக் கார்டு தருவதுண்டு. அமெரிக்க முகவரியும் வங்கிக் கணக்கும் தயாரான பிறகு அவர்கள் தளத்தில் விண்ணப்பித்துப் பாருங்கள். உங்களுக்கு அது பெரிய குறுக்குவழி. மாணவர் கார்டுக்கே போக வேண்டாம்.

இந்தியக் கார்டை அங்கே தேய்க்காதீர்கள். பல கார்டுகளில் அந்நியச் செலாவணி மார்க்கப் 3.5 சதவீதம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. கூட்டினால் 4.13. 3 சதவீதம் ரிவார்ட்ஸ் எங்கே கிடைக்கும் என்று தேடுகிற இழையில் 4 சதவீதத்தை வெளியே விடுவதா? முதல் சில வாரங்களுக்கு, ஊரிலேயே டாலர் ஏற்றி எடுத்துவரும் ஃபாரெக்ஸ் கார்டு போதும்.

---

ரூம்மேட்_நம்பர்_மூன்று

எல்லோரும் "ஆட்டோபே போட்டுவிடு" என்பார்கள், அதாவது வங்கிக் கணக்கிலிருந்து கார்டு பாக்கி தானாகவே கட்டப்படும் ஏற்பாடு. போடுங்கள், ஆனால் அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. எங்கள் வீட்டுப் பையன் ஒருவன் ஸ்டேட்மென்ட் முழுத்தொகைக்கு ஆட்டோபே வைத்திருந்தான். செமஸ்டர் நடுவில் வேறு வங்கியில் கணக்குத் திறந்தால் போனஸ் என்று கேள்விப்பட்டு, பணத்தை அங்கே மாற்றி, பழைய கணக்கை மூடிவிட்டான். ஆட்டோபே அந்தப் பழைய கணக்கையே தட்டிக்கொண்டிருந்தது. பணம் எடுக்க முடியவில்லை என்று வந்த மின்னஞ்சல், இன்டர்ன்ஷிப் நிராகரிப்பு மின்னஞ்சல்களுக்கு நடுவே புதைந்துபோயிற்று. வெறும் 38 டாலர் பாக்கி. 30 நாள் தாண்டியதும் கடன் அறிக்கையில் "தாமதம்" என்று ஏறிவிட்டது. அது ஏழு வருடம் அங்கேயே இருக்கும். அடுத்து அவன் அபார்ட்மென்ட் தேடியபோது கூடுதல் டெபாசிட் கேட்டார்கள்.

ஆகவே ஆட்டோபேயும் வேண்டும், ஸ்டேட்மென்ட் வரும் நாளில் ஒரு நிமிடம் ஆப்பைத் திறந்து பார்க்கவும் வேண்டும். கடைசித் தேதி ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியாகத்தான் இருக்கும், ஸ்டேட்மென்ட்டுக்கும் அதற்கும் குறைந்தது 21 நாள் இருக்கும். போனில் நினைவூட்டல் வைத்தால் போதும்.

---

முதலாண்டு_இளங்கலை

எனக்கு லிமிட் 500தான் கொடுத்தார்கள். அதில் 30 சதவீதத்துக்கு மேல் பயன்படுத்தினால் கடன் மதிப்பெண் (ஸ்கோர்) போய்விடும் என்கிறார்கள். அப்படியானால் மாதம் 150க்கு மேல் தேய்க்கவே கூடாதா? பிறகு ரிவார்ட்ஸ் எப்படி வரும்?

---

கணக்குப்பிள்ளை

தாராளமாகத் தேய். ஸ்டேட்மென்ட் போடும் நாளில் எவ்வளவு பாக்கி நிற்கிறதோ அதைத்தான் பெரும்பாலும் கடன் அறிக்கை நிறுவனங்களுக்கு அனுப்புகிறார்கள். அதற்கு இரண்டு மூன்று நாள் முன்னால் பாதியைக் கட்டிவிட்டால் சின்னத் தொகைதான் பதிவாகும். ரிவார்ட்ஸ் முழுசாக வந்துவிடும்.

இன்னொன்று, அமெரிக்காவில் பரவலாகப் பயன்படும் ஃபைகோ என்ற கடன் மதிப்பெண் முறைகளில் இந்தப் பயன்பாட்டு விகிதத்துக்கு நினைவாற்றல் கிடையாது. இந்த மாதம் 80 சதவீதம் காட்டி மதிப்பெண் இறங்கினாலும் அடுத்த மாதம் 10 காட்டினால் ஏறிவிடும். வீடோ காரோ தேடப்போகும் மாதத்துக்கு முன்னால் கவனித்தால் போதும். தாமதம்தான் ஒட்டிக்கொள்ளும். ஃபைகோவில் கட்டிய ஒழுங்குக்கு 35 சதவீத எடை, பாக்கி அளவுக்கு 30, வரலாற்றின் நீளத்துக்கு 15. முதல் மதிப்பெண் வரவே ஆறு மாதம் ஆகும், அதுவரை பூஜ்யமா என்று பதறாதே. எக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று நிறுவனங்களின் கடன் அறிக்கையையும் வாரம் ஒரு முறை இலவசமாகவே பார்க்கலாம்.

---

கேஷ்பேக்_கில்லாடி

சரி, லிங்க் இல்லாமல் ஒரு உருப்படியான விஷயம் சொல்கிறேன். கட்டணத்தைக் கார்டில் கட்டி ஒரேயடியாக ரிவார்ட்ஸ் அள்ளலாம் என்று கனவு காணாதீர்கள். பல பல்கலைக்கழகங்கள் கார்டில் ட்யூஷன் கட்டினால் 2.5 முதல் 3 சதவீதம் சேவைக் கட்டணம் பிடிக்கின்றன. 1 சதவீதம் வாங்கி 3 கொடுப்போமா? ஊருக்குப் பணம் அனுப்பும் ஆப்களில் கிரெடிட் கார்டைக் கொடுப்பதும் ஆபத்து. அது கேஷ் அட்வான்ஸ், அதாவது கார்டில் ரொக்கம் எடுத்தது என்று விழுந்தால் தனிக் கட்டணம், அன்றே வட்டி.

விடுமுறைக்கு ஊருக்கு வருகிறவர்களுக்கு: பேங்க் ஆஃப் அமெரிக்கா மாணவர் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு 3 சதவீதம் உண்டு. கேப்பிட்டல் ஒன்னில் இல்லை. என் டிஸ்கவரிலும் இல்லை, ரூபே மெஷின்களில் அது வேலை செய்ய ஒப்பந்தமும் இருக்கிறது. ஆனால் தி.நகரில் எல்லாக் கடையிலும் எடுக்கிறதா என்று கேட்காதீர்கள், கோபம் வரும். 2025 மே மாதம் டிஸ்கவரையே கேப்பிட்டல் ஒன் வாங்கிவிட்டது. குழுவில் அடித்துக்கொள்கிற இரண்டு கோஷ்டிக்கும் முதலாளி இப்போது ஒருவர்தான்.

---

புளியோதரை_பொட்டலம்

எல்லோருக்கும் தாமதமான நன்றி. வந்து சேர்ந்தாயிற்று. சாப்பாட்டுக் கூடத்தில் வேலை, தட்டு அடுக்குவது. அந்தக் கடிதத்தை வைத்து எஸ்எஸ்என்னும் வந்துவிட்டது.

முதலில் அக்கா சொன்ன மாதிரி ஒரு வங்கிக் கிளையில் கேட்டேன், எஸ்எஸ்என்னோடு வா என்று அனுப்பிவிட்டார்கள். பிறகு இணையத்தில், கார்டு கிடைக்குமா என்று முன்கூட்டியே காட்டும் ப்ரீ-அப்ரூவல் பக்கங்களில் மட்டும் போட்டுப் பார்த்தேன். அதற்கு மதிப்பெண் குறையாது என்று படித்தேன். டிஸ்கவர், சேவர் இரண்டும் சரி என்று காட்டின. என் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருப்பது ஒரு க்ரோகர், பஸ்ஸில் போனால் இந்தியக் கடை. வால்மார்ட்டுக்கு யாராவது கார் வைத்திருப்பவர் கூட்டிப்போனால்தான் உண்டு. அதனால் சேவர் எடுத்தேன். லிமிட் 500.

கில்லாடி அண்ணா கோபித்துக்கொள்ளக் கூடாது. டிஸ்கவரையும் இப்போதே சேர்த்து எடுத்து முதல் வருட இரட்டிப்பை வாங்கிவிடலாமா?

---

கேஷ்பேக்_கில்லாடி

எடு எடு.

---

ஆஸ்டின்_அக்கா

கொஞ்சம் பொறுங்கள் தம்பி. ஒவ்வொரு உண்மையான விண்ணப்பமும் அறிக்கையில் இரண்டு வருடம் தெரியும், மதிப்பெண்ணில் ஒரு வருடம் லேசாக உறைக்கும். வரலாறே இல்லாதவர் அடுத்தடுத்துப் போட்டால் மறுப்பதற்கு வாய்ப்பு அதிகம். ஆறு மாதம் சேவரை ஒழுங்காகக் கட்டுங்கள், மதிப்பெண் வரட்டும். டிஸ்கவரின் இரட்டிப்பு நீங்கள் எப்போது சேர்ந்தாலும் உங்களுடைய முதல் வருடத்துக்குத்தான். அடுத்த கோடையில் இன்டர்ன்ஷிப் கிடைத்து, வேறு ஊரில் வீடு, சாமான், துணி என்று செலவு கூடும் சமயத்தில் அந்த வருடத்தைத் தொடங்கினால் இரட்டிப்பாவதும் பெரிய தொகையாக இருக்கும்.

சேவரை மட்டும் எப்போதும் மூடாதீர்கள். வருடக் கட்டணம் இல்லாத கார்டு, அதுதான் உங்கள் மிகப் பழைய கணக்காக இருக்கப்போகிறது.

---

புளியோதரை_பொட்டலம்

சரி அக்கா, பிப்ரவரி வரை பொறுக்கிறேன். கணக்குப்பிள்ளை அண்ணா, முதல் ஸ்டேட்மென்ட் வந்தது. கேஷ்பேக் 7 டாலர் 12 சென்ட். சாப்பாட்டுக் கூடத்துக் காபி பல்கலைக்கழகம் என்றுதான் விழுகிறது.

---

கணக்குப்பிள்ளை

வேலை பார்க்கிற இடத்தில் காபி இலவசமாகத் தர மாட்டார்களா? கேட்டுப் பாருங்கள், அதில் 100 சதவீதம் கேஷ்பேக்.